நடப்புச் சொத்து

பன்னிரண்டு மாதத்துக்குள் பணமாகிவிடும் என்று
நம்பப்படுவதற்குப் பெயர்
நடப்புச் சொத்து.
வில்லிமான் திருகாணித் தொழிலகத்திடம்
முப்பத்தெட்டு இலட்சம் பிராங்குக்கு அது இருக்கிறது.
அதில் இருபத்தாறு இலட்சம்
எழுந்து நடப்பதாகவே தெரியவில்லை.

சொலோத்தூர்ன் கிளை, இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஆரே ஆறு இருக்கவேண்டும்;
நவம்பர் மூடுபனி அதை
முழுவதுமாகத் தள்ளுபடி செய்திருந்தது.

நான் ஐந்தொகையைப் பின்னாலிருந்து படிப்பவள்.
முன்பக்கத்தில் வணக்கம் சொல்வார்கள்,
நடுவில் படம் போடுவார்கள்,
கடைசியில், எறும்பு எழுத்தில்,
குறிப்பு பதினொன்றில்
தொண்டையைச் செருமுவார்கள்:
கையிருப்பு, ஆக்கச் செலவில் மதிப்பிடப்பட்டது.

ஆக்கச் செலவு. விற்கும் விலை அல்ல.
செய்தவனுக்கு எவ்வளவு ஆனதோ அவ்வளவு.
என் முதல் திருமணத்தை நானும்
அப்படித்தான் ஆறு வருடம் ஏட்டில் வைத்திருந்தேன்.

நடப்பு விகிதம் 1.9. நல்ல பிள்ளை.
கையிருப்பைக் கழித்தேன்: 0.6.
நல்ல பிள்ளைக்குக் காய்ச்சல்.
கிடங்கில் சரக்குத் தங்கும் நாள்
எழுபத்தொன்று, தொண்ணூற்றெட்டு,
நூற்று அறுபத்து மூன்று.
விற்பனை இறங்குகிறது, சரக்கு ஏறுகிறது,
இலாபம் மட்டும்
அசையாமல் குந்தியிருக்கிறது.

பிறகு முன்கணிப்பு.
முதலாம் ஆண்டு அடக்கம். இரண்டாம் ஆண்டு நம்பிக்கை.
மூன்றாம் ஆண்டில் கோடு
யூரா மலையில் ஆடு போல ஏறிவிடுகிறது.
இந்த வேலையில் பதினாறு வருடம்;
மூன்றாம் ஆண்டில் ஏழையாக இருக்கும் கம்பனியை நான் பார்த்ததில்லை.
அந்த மூன்றாம் ஆண்டு வந்து சேர்ந்த கம்பனியையும்
அதிகம் பார்த்ததில்லை.

“சிவப்பா?” என்று எட்டிப் பார்த்தான் பெயத்.
“நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.”
“எண்ணைப் பார்த்தது போதாதா?”
“எண் கைகாட்டும் இடத்தைப் பார்க்கவேண்டும்.”

கிரென்ஷனுக்கு ரயிலில் பத்து நிமிடம்.
வில்லிமான் என் பெயரை இரண்டு மூச்சில் சொன்னார்:
குலநா. யகம்.
கிடங்குக் கதவைத் தானே திறந்தார்.
கூரை வரைக்கும் நீலப் பெட்டிகள்.
கைக்கடிகாரத்தின் வயிற்றுக்குள் போகும் திருகாணிகள்.

“போன மார்ச்சில் ஓடர் நின்றது.
எந்திரத்தை நிறுத்தியிருந்தால்
முப்பத்தொரு பேரில் பதினொரு பேர் வீட்டில்.”

அவர் நிறுத்தவில்லை.
யாரும் கேட்காத அளவில்,
யாரும் கேட்காத எண்ணிக்கையில்
கடைந்து குவித்திருக்கிறார்கள்.
நூற்று அறுபத்து மூன்று நாள் என்பது
பதினொரு பேரின் சம்பளம்,
எஃகாக்கி, பெட்டியில் போட்டு, அடுக்கியது.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

“பழைய இரும்பாகப் போட்டால் கிலோ என்ன விலை?”
கேட்பது என் தொழில்.
பதில் சொல்லாமல் அவர்
ஒன்றை என் விரல் நுனியில் வைத்தார். எள்ளில் பாதி.
“தலையில் பிளவு தெரிகிறதா?”
தெரியவில்லை. கண்ணாடியை மாற்றினேன். அப்போதும்.
“இருக்கிறது” என்றார்,
தன் முன்கணிப்பில் எங்குமே இல்லாத உறுதியோடு.

மாலை அறிக்கை.
கையிருப்பில் நாற்பது வீதம் வெட்டினேன்.
மூன்றாம் ஆண்டை எடுத்துவிட்டேன்.
கடன் எல்லை: பாதி. ஒன்பது மாதம். பிறகு மறுபார்வை.
பதினொரு பேர் என்று எழுதி, அழித்து,
நிர்வாகம் ஆட்குறைப்பைத் தவிர்த்துள்ளது என்று எழுதினேன்.
அது பாராட்டா குற்றமா என்பதை
வாசிக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.
பெயத் வாசிக்காமலே கையெழுத்திட்டான்.

இரவு, வீட்டில் கோட்டைக் கழற்றும்போது
கைமடிப்பிலிருந்து ஏதோ விழுந்தது.
சத்தம் கேட்டது. பொருளைக் காணோம்.
வில்லிமான் கையிருப்பில் ஒன்று குறைவு.

சமையலறைத் தரையில் முழங்கால் ஊன்றி,
கைபேசி விளக்கைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினேன்.
“என்னம்மா தொலைஞ்சது?” என்றான் மகன்.
“அரைச் சதமும் பெறாது” என்றேன்,
இன்னும் எழுந்திருக்காமல்.